மொராவே பற்றிய நானூறு பக்கங்கள்

நாடு விட்டு வந்து நான் குடியேறிய நியூ லின்னில் என் வீட்டுக் குசினி கொஞ்சம் பெரியது. சமையலுக்குப் போக, மேசையில் இரண்டு பேர் எதிரெதிரே இருந்து எழுதலாம். 1984 மார்கழியில் சிறிலுக்கு அங்கே இடம் கொடுத்தேன்.

சிறில் மன்னார்க்காரன், ஒரு பாதிரியாரிடம் பிரெஞ்சு படித்தவன். நான் கொழும்பில் பிரெஞ்சு கற்பித்தவன். எத்தியேன் மொராவே என்ற பிரெஞ்சு நாவலாசிரியரை இருவருக்கும் பிடிக்கும். தத்துவமும் எழுதியவர். உலகப்போர்க் காலத்தில், பிடித்தவர்களிடம் நண்பர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்து இரண்டு வருடம் சிறையில் இருந்தார். பயந்தவனும் தன் செயலுக்குப் பொறுப்பாளிதான் என்று எழுதினார்.

அவருடைய வாழ்க்கையையும் நூல்களையும் பற்றித் தமிழில் எழுதுவதாக இங்குள்ள நம்மவர்களிடம் நான் சொல்லி நான்கு வருடமாகியிருந்தது. முப்பது பக்கம் முடித்திருந்தேன். சிறில் எட்டு மாதத்தில் நானூறு பக்கம் எழுதினான். வாசித்தேன், நன்றாக இருந்தது. அன்று எனக்குப் பயம் பிடித்தது. ஆட்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களே.

அவனுக்கும் பயம் இருந்தது. விசா முடிந்துவிட்டது. வாசலில் பால் போத்தல் வைக்கும் சத்தத்துக்கே எழும்பிவிடுவான்.

"அண்ணை, என்ரை பேர் ஊரிலை ஆமி தேடுற லிஸ்ற்றிலை கிடக்கு. திருப்பி அனுப்பினா வீட்டை போய்ச் சேரமாட்டன்."

"இஞ்சை ஆருக்கும் தெரியாதெல்லோ," என்றேன்.

"உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

ஒக்ரோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ரயில் நிலையத்தடித் தொலைபேசிப் பெட்டியிலிருந்து குடிவரவு அதிகாரிகளுக்கு எடுத்தேன். அவனுடைய பெயரையும் என் முகவரியையும் சொன்னேன். பொய் எதுவும் சொல்லவில்லை.

அதிகாரிகள் அவனைக் கூட்டிப்போக வந்தபோது, அந்த நானூறு பக்கத் தாள்கட்டை என் கையில் தந்தான். "கவனமா வைச்சிருங்கோ அண்ணை."

கவனமாகத்தான் வைத்திருந்தேன். முதல் பக்கத்தில் எழுதியவர் பெயரை மட்டும் மாற்றினேன். இப்போது சென்னையில் அச்சில் இருக்கிறது.

விமானம் கொழும்பில் இறங்கியது. அவன் மன்னாருக்குப் போய்ச் சேரவில்லை. அவன் மனைவி மேர்சி மாதம் ஒரு கடிதம் போடுகிறாள், இங்குள்ள அதிகாரிகளிடம் விசாரிக்கச் சொல்லி. 'அண்ணை, எனக்குப் பயமாக் கிடக்கு' என்று முடிக்கிறாள். நான் எங்கும் விசாரிக்கவில்லை. விசாரித்தால், தகவல் கொடுத்தது யார் என்ற கேள்வியும் வரும்.

ஆனாலும் அவளுடைய ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் போடுகிறேன்: 'பயப்படாதேங்கோ தங்கச்சி, விசாரிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்.' பாவம், அவளுக்கு ஆறுதல் சொல்ல என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?