நீர்த்தொட்டிச் சாலையில் தானாக நின்ற ஸ்கூட்டர்

என் பெயரும் விலாசமும் மேலே எழுதியிருப்பது சரியே. எனக்கு வயது முப்பத்தொன்று. பல்கலைக்கழக மின்பொறியியல் துறையில் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். பெற்றோர் இல்லை. அதே பல்கலைக்கழகத்தில் இரண்டாமாண்டு படிக்கும் என் தங்கையுடன் வளாகத்துக்குள் பணியாளர் குடியிருப்பில் வசித்து வருகிறேன். தங்கை வீட்டை விட்டு வெளியே வர மறுப்பதால், அவள் என்னிடம் சொன்னதையும் சேர்த்து நானே சொல்கிறேன்.

வளாகத்துக்குள் புகையும் நெரிசலும் குறைய வேண்டும் என்று எங்கள் துறைத் தலைவர் பொது மின்சார ஸ்கூட்டர் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். மாணவர்கள் தங்கள் கைப்பேசியால் ஒரு வண்டியைத் திறந்து ஓட்டிச் சென்று, போகும் இடத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் விட்டுவிடலாம். பேட்டரிகளும், கூரையில் சூரியத் தகடு வைத்த சார்ஜ் கொட்டகைகளும் என் பொறுப்பு. வண்டிக்கு உதவாமல் களைத்துப்போன பேட்டரிகளைக் குப்பையில் போடாமல் கொட்டகை விளக்குகளுக்கு வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் நான்தான் செய்தேன். எந்த வண்டியில் யார் போகிறார், எங்கே போகிறார் என்பதைக் காட்டுவதும், கூட்டமான இடத்தில் வண்டியை மெதுவாக்கவோ நிறுத்தவோ கட்டளை அனுப்புவதும் மென்பொருளின் வேலை. அதை எழுதியவர் என்னுடன் வேலை செய்யும் ஆராய்ச்சியாளர். யாரிடமும் குரலை உயர்த்தாதவர் என்பதால் துறையில் எல்லோரும் அவரைச் சாது என்றே கூப்பிடுவார்கள். என்னைவிட இளையவர், என்னை அக்கா என்பார். வேலை இழுத்துக்கொண்டு போன நாட்களில் எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். என் தங்கை அவரை அண்ணா என்பாள்.

திட்டம் நல்லபடியாக ஓடத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் மாலை தங்கை வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு நடந்து வந்தாள். "உன் வண்டிக்கு என்மேல என்னக்கா கோவம்? ஊரையே ஏத்திட்டுப் போகுது, என்னை மட்டும் நடுரோட்டுல இறக்கி விடுது" என்றாள். "நீ வெயிட் போட்டுட்ட, அதான்" என்று நான் சிரித்தேன். நூலகத்திலிருந்து குடியிருப்புக்கு வரும் நீர்த்தொட்டிச் சாலையில் வண்டி நின்றதாகச் சொன்னாள். அந்தச் சாலையில் இரு பக்கமும் மரங்கள், வீடு கிடையாது. தொட்டியைத் தாண்டினால் விளையாட்டு மைதானத்தின் வாசல் வரை ஒரே இறக்கம். மறுநாள் எங்கள் மெக்கானிக் அண்ணன் அந்த வண்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "வண்டி கல்லு மாதிரி இருக்கும்மா" என்றார். அதன் பிறகு வேறொரு வண்டியிலும் அவளுக்கு அதே இடத்தில் அப்படியே நடந்தது. அதன் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

சாப்பாடு குறைந்தது. படுக்கையறைக் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துத் தூங்கினாள். பரீட்சை பயம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "வண்டி நின்ன கொஞ்ச நேரத்துல அண்ணா வந்துடறாருக்கா. நான் யாருக்கும் போன் பண்ணல. இன்னிக்கு ஹேண்டிலைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. அவர்கூட நான் போனாத்தான் வண்டி கிளம்பும்னு சொன்னாரு. அக்காகிட்ட சொல்லாதேன்னாரு." மடித்த துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். ஆனாலும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர் மேல் வாய்க்கு வந்தபடி பழி போடக் கூடாது, மென்பொருள் கோளாறாகவும் இருக்கலாம், நானே ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் மாலை தூறிக்கொண்டிருந்தது. தங்கையின் கைப்பேசியால் ஒரு வண்டியைத் திறந்து, அவளுடைய மழைக்கோட்டையும் ஹெல்மெட்டையும் போட்டுக்கொண்டு நூலகத்திலிருந்து கிளம்பினேன். மைதான வாசலில் காவலாளியுடன் நிற்கும்படி மெக்கானிக் அண்ணனிடம் சொல்லியிருந்தேன். தொட்டியைத் தாண்டி இறக்கம் தொடங்கும் இடத்தில் விளக்கு அணைந்தது, சக்கரம் பூட்டிக்கொண்டது, வண்டி நின்றது. மழைத்துளி ஹெல்மெட்டில் விழும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. வண்டிகளுக்குக் கட்டளை அனுப்பும் கட்டுப்பாட்டு அறை அங்கிருந்து வெகு தூரம். ஆனால் சாது அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. எனக்குப் பின்னால், தொட்டியின் பம்ப் அறை மறைவிலிருந்து வருவது வண்டிக் கண்ணாடியில் தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்ப முடியவில்லை என்பதே உண்மை.

அவர் மிக அருகில் வந்து நின்று, "அக்காகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "சொல்ல மாட்டேன்னு சொன்னியே" என்றார். வீட்டில் இன்னும் கொஞ்சம் சாதம் கேட்கும் அதே குரல்தான். அதன் பிறகு முன்பக்கம் வந்து ஹேண்டிலைப் பிடித்தார். என் முகத்தைப் பார்த்ததும் கையை எடுக்கவில்லை. சிரித்தார். "நீங்களா அக்கா? டெஸ்ட் பண்ணிட்டிருந்தேன்" என்றார். வழி விடும்படி சொன்னேன். "அவ போன் உங்ககிட்ட எதுக்கு? அதைக் குடுங்க" என்று மறு கையை நீட்டினார். நான் அதை மழைக்கோட்டுக்குள் தள்ளினேன். "நான் விட்டாத்தான் இந்த வண்டி போகும், உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

பேட்டரியை உருவினால் சக்கரப் பூட்டு தானாக விடுபடும். தீப்பிடித்த வண்டியை ஆட்கள் தள்ளி அப்புறப்படுத்த வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருந்தோம். பேட்டரி கால் வைக்கும் பலகைக்கு அடியில் இருக்கிறது. குனிந்து பூட்டுக் கொக்கியை இழுத்து, பேட்டரியைக் காலால் பக்கவாட்டில் உதைத்துத் தள்ளினேன். அது அவருடைய பாதத்தின் மேல் விழுந்தது. அவர் கை தளர்ந்ததும் தரையை உந்தி இறக்கத்தில் வண்டியை உருள விட்டேன். பின்னால் ஓடி வரும் காலடிச் சத்தம் கேட்டது. பிரேக்கைப் பிடிக்கவும் பயம், பிடிக்காமல் இருக்கவும் பயம். வாசலில் மெக்கானிக் அண்ணன் இரு கைகளாலும் வண்டியைத் தாங்கி நிறுத்தினார். சற்றுப் பிறகு சாது நொண்டிக்கொண்டு வந்து, "வண்டியில ஏதோ கோளாறு, அக்கா பயந்துட்டாங்க" என்று காவலாளியிடம் சொன்னார். காவலாளி அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

மறுநாள் காலை துறைத் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "வெளிய தெரிஞ்சா திட்டமே போயிடும்மா. நல்ல பையன். நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்" என்றார். உள்ளறையில் நாற்காலி நகரும் சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது. "வண்டியை நிறுத்துற கட்டளை சாது கையில இருக்கிற வரைக்கும் உங்க பொண்ணை இந்த வண்டியில அனுப்புவீங்களா சார்?" என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் வண்டிகளை நிறுத்த உத்தரவிடவில்லை. அதனால் நானும் மெக்கானிக் அண்ணனும் கொட்டகை கொட்டகையாகச் சென்று எல்லா வண்டிகளிலும் பேட்டரியைக் கழற்றிப் பூட்டி வைத்தோம். அனுமதி பெறாமல்தான் செய்தேன். அதன் பிறகு தங்கையின் கைப்பேசியுடன் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்தேன்.

இன்று என்னை வரவழைத்து, சம்பந்தப்பட்ட நபரை அடையாளம் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். அவர் பெஞ்சிலிருந்து மரியாதையாக எழுந்து நின்று, "தங்கச்சி நல்லா இருக்காளா அக்கா?" என்று கேட்டார். எழுதிக்கொண்டிருந்த எழுத்தர் ஐயா அதை எழுதவில்லை. நலம் விசாரித்ததில் என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். அந்த வாக்கியத்தை அவர் சொன்னபடியே, ஒரு சொல்லும் விடாமல் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அதன் பேரில் எழுதப்பட்டது.

இதில் உள்ளவை அனைத்தும் எனக்கு உரக்கப் படித்துக் காட்டப்பட்டன. யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் சொன்னவை இவையே, உண்மையும் இவையே.

(ஒப்பம்)