இருபத்தொன்பதாம் நாள் இருமல்

— கேட்டீங்களா அண்ணே? இப்ப இருமினது எது?

— கதவு காத்துல அடிச்சிருக்கும், டாக்டரம்மா.

— கதவுக்கு மூக்கு ஒழுகாது. மூணாவது கொட்டிலைத் திறங்க.

— நம்ம மகாராணியா? காலையில ஒரு வாளித் தண்ணிய ஒரே மூச்சுல குடிச்சாளே. வெளிநாட்டுல பிறந்தவ, இந்த ஊர்த் தூசி ஒத்துக்கல போல.

— இருபத்தெட்டு நாளா ஒத்துக்கிட்ட தூசி இன்னிக்கு ஒத்துக்கலையா? வாலைப் பிடிங்க, தெர்மாமீட்டர் வைக்கிறேன்.

— எவ்வளவு காட்டுது?

— நூத்தி மூணரை.

— இன்னொரு தரம் வெச்சுப் பாருங்களேன்.

— பாத்தாச்சு. பக்கத்துல கறுப்பனுக்கும் மூக்குல ஈரம். குதிரைக் காய்ச்சல்தான். சளி எடுத்து லேபுக்கு அனுப்பணும், ஆனா எனக்குச் சந்தேகமே இல்ல.

— எங்களைத் தனியா அடைச்சு வெச்சு நாளைக்கு முப்பதாவது நாள், டாக்டரம்மா.

— தெரியும்.

— நாளைக்குச் சாயந்தரம் கேட்டைத் திறந்து விடுறதாச் சொன்னீங்க.

— ஒண்ணுக்குத் தொத்து வந்தாலும் மறுபடி முதல் நாள்லேர்ந்து எண்ணணும். நாலு குதிரைக்கும், அதுங்களோட விமானத்துல வந்த உங்களுக்கும். சட்டம் நான் எழுதலண்ணே.

— நாளன்னிக்கு எம் பொண்ணு கிளம்புறா. வெளிநாட்டுல நர்ஸ் வேலை. போனா மூணு வருஷத்துக்கு வர முடியாது. அவ முகத்தைப் பாக்கத்தானே அந்த ஊர் லாயத்துல அஞ்சு வருஷம் சாணி அள்ளிட்டு, இதுங்களோட ஓசி டிக்கெட்ல வந்தேன். தினம் நாலு மணிக்கு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிக்கிறா. முப்பது அடி தள்ளி நின்னு போன்ல பேசுறோம். அதுலயும் பாதி கேக்காது.

— அவ ஏதாவது உள்ள கொடுத்தாளா?

— எதுக்குக் கேக்குறீங்க?

— இது உங்களோட விமானமேறி வந்த நோய் இல்லண்ணே. அங்கேர்ந்து வந்திருந்தா முதல் வாரமே தெரிஞ்சிருக்கும். தொத்தின ரெண்டு மூணு நாள்ல இருமல் வந்துடும். யாரோ கையிலயோ துணியிலயோ ஒட்டிக்கிட்டு இப்பத்தான் உள்ள வந்திருக்கு.

— ஒரு சட்டை கொடுத்தா. வேலிக்கு மேல வீசினா. வெளிய வரும்போது போட்டுக்கணுமாம்.

— ஐயோ அண்ணே.

— கடைச்சட்டை. காலர்ல குத்தின ஊசியக்கூட எடுக்கல. வேணும்னா பாருங்க.

— சட்டம்னா சட்டம்தான். இதை எழுதினா இனி எந்த விமானத்துலயும் குதிரையோட உங்களை ஏத்த மாட்டாங்க. தெரியும்ல?

— அவ குதிரையைக் காலண்டர்லதான் பாத்திருக்கா. அவ சட்டையிலேர்ந்து குதிரைக் காய்ச்சல் வருமா?

— வராதுதான். ஆனா எப்படி வந்துச்சுன்னு மேலிடத்துல கேப்பாங்க. ரிப்போர்ட்ல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, அதைக் காலியா விட முடியாது.

— முதல்ல உக்காருங்க. கண்ணு ரெண்டும் செக்கச்செவேல்னு இருக்கு.

— நாலு நாளாச் சரியாத் தூங்கல. இங்க முடிச்சா மாமனார் வீடு, அங்க முடிச்சா இங்க.

— அவருக்கு உடம்பு முடியலையா?

— அவருக்கு இல்ல. விடுங்கண்ணே.

— விட்டுட்டேன். இங்க வர்றவங்க வாசல்லயே குளிச்சு, உடுப்பு மாத்திட்டுத்தானே உள்ள வரணும்?

— ஆமா. கதவுல அந்த நோட்டீஸை ஒட்டினதே நான்தான்.

— முந்தாநாள் மோட்டார் ஓடல.

— ஒரு நாள்தானே. தண்ணியே வரலைன்னா நான் என்ன பண்ணுறது, காத்துல குளிக்கவா?

— உங்களைக் குறை சொல்லல. அந்தக் கட்டத்துல எம் பேரையே எழுதிடுங்க.

— சட்டை காரணம் இல்லைன்னு இப்பத்தானே சொன்னேன்? செய்யாததை எதுக்கு ஒத்துக்குறீங்க?

— செஞ்சேன் டாக்டரம்மா. ஒண்ணைப் பாத்தும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். சொன்னா அன்னிக்கே ஒண்ணுலேர்ந்து எண்ண ஆரம்பிப்பீங்க. இன்னும் மூணே நாளு, பொண்ணைப் பக்கத்துல பாத்துடலாம்னு ஆசை. ஒண்ணும் ஆகாதுன்னு நானே என்னைச் சமாதானம் பண்ணிக்கிட்டேன்.

— எதைப் பாத்தீங்க?

— இப்ப எதுக்கு அது.

— சொல்லுங்கண்ணே. நான் எழுதணும்.

— இங்க நிக்கிற நாலுல ரெண்டு கறுப்பு, ரெண்டு செவலை. முந்தாநாள் உங்க ஸ்வெட்டர் கையில ஒட்டியிருந்தது வெள்ளை முடி. உங்க மாமனார் வளக்குறது வெள்ளைக் குதிரைன்னு நீங்கதானே ஒரு நாள் சொன்னீங்க, டாக்டரம்மா?