நீல நிறத்துக்குள் ஓர் இடுகாடு

திண்டிவனத்தில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்திலிருந்து திரும்பிய மீனவப் பெண்கள் இருவர், மரக்காணம் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் அமர்ந்திருந்தனர். பருவநிலைத் திட்டத்திற்காக அங்கே காட்டப்பட்ட வரைபடத்தில், கடல் ஏறிவரக்கூடிய இடங்களுக்கு நீல நிறம் தீட்டியிருந்தார்களாம்.

“வூட்ட மேட்டுக்கு மாத்தலாம்னாங்க. சரி, எங்க வூட்டுக்காரர பொதைச்ச எடத்த எங்க மாத்துவீங்கன்னு கேட்டேன்,” என்றார் மூத்தவர்.

“அதுக்குத்தான் எல்லாரும் சிரிச்சாங்களா? பின்னால குந்தினிருந்த எனக்கு ஒண்ணுமே கேக்கல. ஆபீசரு என்னா சொன்னாரு?”

“கருத்தப் பதிவு பண்ணிக்கினோம்னாரு.”

“அப்படின்னா மாத்துவாங்களா, மாட்டாங்களாக்கா?”

“அத கேக்கறதுக்குள்ள மைக்க வாங்கிக்கினாங்கடி.”

“உயிரோட இருந்தப்ப மாமாவ ஒரு நாள் நிம்மதியா வுட்டியா நீ? இப்ப என்னாக்கா?”



“எத்தினியோ தபா காத்துமழையில மாட்டிக்கினு, எப்படியோ கரைக்கு வந்து சேந்த மனுசன். இப்ப கடலே வந்து எடுத்துக்கினு போவும்ன்றாங்க. நான் மட்டும் மேட்டுல போய் குந்திக்கினு இருக்கணுமா?”

மரக்காணத்தில் இறங்குவதற்காக எழுந்தபோது இளையவர் சொன்னார்.

“அக்கா, எங்கப்பாவும் அங்கதான இருக்காரு.”