பெரிய வியாழனன்று அம்மா அடுப்பு மூட்டவில்லை

பெயர் ஜின்சி மத்தாயி. வயது பதினான்கு, ஒன்பதாம் வகுப்பு. முகவரி, ரான்னிக்கு அருகே புத்தன்பறம்பில் ரப்பர் தோட்டத்தின் பின்புறம் உள்ள சிறிய ஓட்டு வீடு. நாங்கள் குடியிருப்பது இந்த வீட்டில்தான். எரிந்துபோன பெரிய வீட்டில் ஒருநாளும் குடியிருந்ததில்லை.

என் அப்பா மத்தாயி அந்தத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறார். அம்மா பெயர் சோசம்மா. பெரிய வீடும் தோட்டமும் நாங்கள் இருக்கும் வீடும் கொச்சியில் இருக்கும் ஜோயிச்சாயனுக்குச் சொந்தம். அவருடைய அம்மா அமெரிக்காவில் இருக்கும் மகளிடம் போனதிலிருந்து பெரிய வீடு பூட்டிக் கிடந்தது. மழைக்கு ஒழுகியது, மச்சில் மரநாய்கள் இருந்தன.

ஆள் இல்லாத வீட்டுக்கு இன்சூரன்ஸ் கிடையாது என்று கம்பெனியில் சொன்னதால், போன மழைக்காலத்துக்குப் பிறகு ஜோயிச்சாயன் வந்து எங்கள் துணிகளை அந்த வீட்டுக் கொடியில் காயப்போடச் சொன்னார். என்னை வராந்தாவில் புத்தகத்துடன் உட்காரவைத்தார். அதன் பிறகு வந்த கம்பெனிக்காரர் மேலே பார்த்துவிட்டு, "மோளே, மரநாய் ஓடுதே, பயமா இல்லியா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் ஜோயிச்சாயன், "அதுங்களும் வாடகை தராது, இவங்களும் தரமாட்டாங்க சாரே" என்று சிரித்தார். கம்பெனிக்காரரும் சிரித்துவிட்டு, ஆள் குடியிருப்பதாக எழுதிக்கொண்டு போனார்.

அதன் பிறகு ஜனவரியில் எங்கள் அப்பச்சன், அப்பாவின் அப்பா, இறந்துபோனார். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் மாலை நாங்கள் மூவரும் சர்ச்சில் இருந்தபோது பெரிய வீடு எரிந்தது. யார் வைத்த தீ என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் ஜோயிச்சாயன் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "நீ பெசஹா அப்பம் சுட பெரிய வீட்ல அடுப்பு மூட்டினே, அணைக்காம சர்ச்சுக்குப் போயிட்டே. அவ்வளவுதான் சொல்லணும். மறதிக்கெல்லாம் யாரும் ஜெயில்ல போடமாட்டாங்கடீ" என்றார். அப்பா, "அச்சாயா, எங்க வீட்ல இந்த வருஷம்..." என்று தொடங்கினார். ஜோயிச்சாயன், "எது மத்தாயி உங்க வீடு?" என்று கேட்டார்.

அப்பா சொல்ல வந்தது இதுதான். பெரிய வியாழனன்று வீட்டில் சுட்டுப் பிட்டுக் கொடுக்கும் பெசஹா அப்பத்தை, சாவு நடந்த வீட்டில் அந்த வருடம் சுடமாட்டோம். பக்கத்து வீட்டார்தான் கொண்டுவந்து தருவார்கள். அன்று பக்கத்து வீட்டுக் குஞ்ஞுமோள் சேச்சி தந்த அப்பத்தைத்தான் அப்பா பிட்டுக் கொடுத்தார். கொச்சியில் இருப்பவருக்கு அது நினைவில்லை.

அம்மாவை நாளை ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல இன்று வந்த போலீஸ்காரர் படியிறங்கும்போது அப்பாவிடம், "தெரியாம வெச்சாலும் தீ தீதான், கேஸ் வரும்" என்றார். அம்மா அதைக் கேட்டாள். அதன் பிறகும் கிழங்கு நறுக்கிக்கொண்டே, "அணைக்க மறந்துட்டேன் சாரே" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஒருமுறை வாய் தவறி, "மறக்கல சாரே" என்றாள். உடனே வாசலைப் பார்த்தாள்.

இரண்டு பேரும் தூங்கியபின் இதை எழுதுகிறேன். காலையில் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஸ்டேஷனில் கொடுப்பேன். இதைக் கொடுத்தால் எங்களுக்கு வீடு இருக்காது என்பது தெரியும். அம்மா வந்து இதற்கு மாறாகத்தான் சொல்வாள். இந்த வருடம் யார் வீட்டு அப்பம் சாப்பிட்டாய் என்று மட்டும் அவளிடம் கேளுங்கள் சார். அதில் அவள் பொய் சொல்லமாட்டாள்.

யாரும் சொல்லித்தராமல் நானே எழுதினேன். எழுதியதெல்லாம் நடந்தவை.

ஒப்பம்,
ஜின்சி மத்தாயி