முந்திச் சிரித்தவன்

எனக்குச் சிரிப்பு கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடும், தோழர் விசாரணை அதிகாரி. சர்க்கஸ் தணிக்கைக் குழுவில் உட்கார இதைவிடப் பொருத்தமில்லாத உடம்பு சரத்தோவ் நகரத்திலேயே கிடையாது.

எங்கள் குழுவில் யாரும் எழுதிவைக்காத விதி ஒன்று உண்டு. தலைவர் ஷெலெப்பூகின் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரிக்கலாம். அவர் சிரிக்காதவரை, கோமாளி குட்டிக்கரணம் போட்டாலும் நாங்கள் சாவு வீட்டுக்கு வந்தவர்களைப்போல உட்கார்ந்திருப்போம்.

நாற்பத்தொன்பதாம் ஆண்டு வசந்தத்தில் கோமாளி அர்தாலியோன் பிச்சூகின் தன் புதிய வேடிக்கையை எங்களுக்கு நடித்துக் காட்டினான். காய்ந்த குச்சி ஒன்றை மணலில் நட்டான். தண்ணீர் ஊற்றினான். தள்ளி நின்று கைதட்டினான். மறுபடி தண்ணீர், மறுபடி கைதட்டல். கடைசியில் காகித ஆப்பிள் ஒன்றைக் குச்சியில் கட்டிவிட்டு, தன் சட்டையில் தானே பதக்கம் குத்திக்கொண்டான்.

சிரித்துவிட்டேன். அந்தப் பதக்கம் நான் கொடுத்த யோசனை. முந்தின நாள் அவன் அறையில் உப்புமீனும் வோட்காவுமாக இருந்தபோது சொன்னது. என் நகைச்சுவைக்கு நானே முதலில் சிரிக்கிற வியாதி எனக்கு உண்டு.

தலைவர் திரும்பினார். "என்ன வெனியமின் கபிதோனவிச், எதுக்குச் சிரிக்கிறீங்க? சொன்னா நாங்களும் சிரிப்போம்ல?"

அந்த வருடம் எங்கள் புல்வெளியெல்லாம் காடு வளர்க்கும் அரசுத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. கன்றுகள் கருகியதை யாரும் பார்க்கவில்லை. நானும் மிகக் கவனமாகப் பார்க்காமல் இருந்தேன்.

"சிரிக்கல தோழர், அதிர்ச்சியில வாய் கோணிருச்சு. நம்ம காடு வளர்ப்பை இவன் கேலி பண்றான்."

மூக்கில் சிவப்புப் பந்தோடு பிச்சூகின் என்னைப் பார்த்தான். "டேய் வென்யா, அது வெறும் குச்சிடா! பதக்கம் நீ சொன்னதுதானடா!"

"பாருங்க தோழர்," என்றேன், "இப்பவே கூட்டாளி தேடுறான்."

அன்று மாலையே புகாரை எழுத்தில் கேட்டார்கள். கொடுத்தேன். குச்சிக்கு நான் சொன்ன உட்பொருளில் பாதிகூடப் பிச்சூகினுக்குத் தோன்றியிருக்காது. பாவம், அவன் அவ்வளவு படிக்கவில்லை. அவனுக்குப் பத்து வருடக் கட்டாய உழைப்பு முகாம் கிடைத்தது. எனக்கு அவனுடைய அறை கிடைத்தது. ஜன்னல் ஆற்றைப் பார்த்தபடி இருக்கும், நல்ல வெளிச்சம்.

பிறகொரு நாள் மாடிப்படியில் ஷெலெப்பூகின் என்னை நிறுத்தினார். "அன்னிக்கு நான் நெசமாத்தான்யா கேட்டேன். கண்ணாடிய வீட்ல வெச்சுட்டு வந்துட்டேன், ஒண்ணும் தெரியல. நீங்க என்னடான்னா..." தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

இப்போது காலம் மாறி, பழைய வழக்குகளை மறுபடி பார்க்கிற நீங்கள், முகாமில் மூன்றாவது குளிர்காலத்தைப் பிச்சூகின் தாண்டவில்லை என்கிறீர்கள். அவன் பெயரிலிருந்து குற்றத்தை நீக்க, அந்த வேடிக்கை தீங்கற்றது என்று நிபுணர் ஒருவர் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். சொல்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன். அவன் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அவனுக்காகத் துணிந்து பேச நண்பன் ஒருவனாவது இருந்தான் என்று அவளிடம் சொல்லுங்கள். அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.