ஒன்பதாவது ஆள்

தபித்தா: தண்ணிக்குள்ள கையை மட்டும் விட்டுப் பார்த்தா எப்படித் தெரியும்? காலை விட்டுப் பாருய்யா.

கெதியோன்: கையே போதும். குளிருது. இன்னும் மூணு அண்டா வெந்நீர் வேணும்.

தபித்தா: மூணா! பிளம் ஜாம் காய்ச்சுற அண்டா அது. காலையில இருந்து விறகை ஊதி ஊதி என் மூஞ்சியே ஜாம் மாதிரி ஆயிடுச்சு.

கெதியோன்: அது போன வருஷமே அப்படித்தான்…

தபித்தா: வாய்! இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தாச்சு, வாய்க்கு மட்டும் வலி இல்லை.

கெதியோன்: பிரசங்க பீடத்தை நகர்த்தினது யாரு? மேடைப் பலகை பதினாறையும் ஒத்த ஆளா எடுத்தது யாரு? கிணத்துல இருந்து குழாயை இழுத்தது யாரு? இந்த மேடைக்குக் கீழ ஒரு தொட்டி இருக்குன்னே பாதிப் பேருக்கு மறந்து போச்சு.

தபித்தா: நாளைக்கு ஞாபகம் வந்துடும். பத்துப் பேரு முங்கப் போறாங்க. நம்ம மிருனாதான் முதல் ஆளு.

கெதியோன்: …ம்.

தபித்தா: என்ன 'ம்'? பேத்தி ஞானஸ்நானம் எடுக்கிறா. மகனும் மருமகளும் ஸ்பெயின்ல இருந்து ரெண்டு நாளா காரை ஓட்டிட்டு வந்துட்டு இருக்காங்க. நீ என்னடான்னா வியாழக்கிழமையில இருந்து சூப்புக்குள்ள கரண்டியை விட்டுக் கலக்குறே, குடிக்க மாட்டேங்குறே.

கெதியோன்: உப்பு ஜாஸ்தி.

தபித்தா: மூணு நாளும் உப்பு ஜாஸ்தியா? வியாழக்கிழமை சபைக்கு முன்னால பிள்ளைங்களை நிறுத்திக் கேள்வி கேட்டீங்களே, அங்கேதான் ஏதோ ஆச்சு. மிருனா உன்கிட்ட என்ன கேட்டா?

கெதியோன்: ஒண்ணும் கேட்கலை.

தபித்தா: கேட்டா. வீட்டுக்கு வர்ற வழியில. நான் பின்னாலதானே வந்தேன்.

கெதியோன்: …'தாத்தா, தண்ணிக்குள்ள போறப்போ பயமா இருக்குமா? உங்களுக்கு எப்படி இருந்துச்சு?'ன்னு கேட்டா.

தபித்தா: நீ என்ன சொன்னே?

கெதியோன்: குளிரா இருந்துச்சுன்னு சொன்னேன்.

தபித்தா: அவ்வளவுதானா?

கெதியோன்: அவ்வளவுதான். அந்தக் குழாயைக் கொஞ்சம் பிடி, நழுவுது…

பாஸ்டர் எமில்: சமாதானம்! தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு பிரதர்?

கெதியோன்: சமாதானம் பாஸ்டர். மூணாவது படி. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள நிரம்பிடும்.

பாஸ்டர் எமில்: இது என்ன, பிளம் வாசனை?

தபித்தா: அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்ச்சுட்டேன் பாஸ்டர், போக மாட்டேங்குது. பாவம் பண்ணின பழைய மனுஷனைப் புதைச்சுப் புதுசா எழுப்புற தண்ணிதானே, கொஞ்சம் இனிச்சா என்ன?

பாஸ்டர் எமில்: இதை நாளைக்குப் பிரசங்கத்துல சேர்த்துக்கலாமா சிஸ்டர்? சரி, பிரதர் கெதியோன், ஒரு விஷயம். முழுக்குக்கு முன்னால நீங்க அஞ்சு நிமிஷம் சாட்சி சொல்லணும்.

கெதியோன்: நானா? எதைப் பத்தி?

பாஸ்டர் எமில்: கிரிஷ் ஆத்துல நீங்க ஞானஸ்நானம் எடுத்ததை. அந்தக் கம்யூனிஸ்ட் ஆட்சியில, போலீசுக்குத் தெரியாம, விடியக்காலையில… நான் அப்போ பிறக்கவே இல்லை. அன்னிக்கு ஆத்துல இறங்கினவங்கள்ல நம்ம சபையில இப்போ இருக்கிறது நீங்க ரெண்டு பேருதான்.

கெதியோன்: தபித்தா சொல்லட்டும். அவதான் நல்லாப் பேசுவா.

தபித்தா: என்னை இழுக்காதே. கேட்டது உன்னை.

பாஸ்டர் எமில்: மிருனாதான் உங்க பேரைச் சொன்னா பிரதர். தாத்தா வாயால கேட்டுட்டு இறங்கணுமாம். என்ன, சரிதானே? வாத்தியக்காரங்க வெளியே காத்துட்டு இருக்காங்க, நான் போறேன். கண்டிப்பா அஞ்சு நிமிஷம்!

கெதியோன்: பாஸ்டர்… போயிட்டாரா?

தபித்தா: போயிட்டாரு. சரி, சொல்லு.

கெதியோன்: எதை?

தபித்தா: சாட்சியைத்தான். நான்தான் சபை. இதோ முன் பெஞ்சுல உட்கார்ந்துட்டேன். ஆரம்பி.

கெதியோன்: உனக்குத் தெரிஞ்சதுதானே?

தபித்தா: எனக்கு என் பக்கம்தான் தெரியும். உன் பக்கத்தை நாற்பத்து மூணு வருஷத்துல நீ ஒரு தடவை கூட முழுசாச் சொன்னதில்லை. 'அன்பான சகோதர சகோதரிகளே'ன்னு ஆரம்பி. கையைப் பின்னால கட்டாதே, திருடன் மாதிரி இருக்கு.

கெதியோன்: …அன்பான சகோதர சகோதரிகளே. அப்போ எனக்குப் பத்தொன்பது வயசு. ஞானஸ்நானம் குடுக்கணும்னா அரசாங்கத்துக்குப் பேரு எழுதி அனுப்பி அனுமதி வாங்கணும். ரெண்டு வருஷம் பதிலே வரலை. அப்போ இருந்த பாஸ்டர் ஒனிசிம், ஒன்பது பேரை விடியக்காலையில ஆத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. பொண்ணுங்க முதல்ல…

தபித்தா: நான் மூணாவது.

கெதியோன்: சபை குறுக்கே பேசக் கூடாது.

தபித்தா: சரி சரி.

கெதியோன்: அப்புறம் பையனுங்க. நான் கடைசி. ஒன்பதாவது ஆளு. நெஞ்சளவு தண்ணி. பாஸ்டரோட ஒரு கை என் முதுகுல. இன்னொரு கை மேல, வானத்தைப் பார்த்து. 'பிதா குமாரன்…'னு ஆரம்பிச்சாரு. பாலத்துல காவலுக்கு நின்ன நம்ம ஆளு விசில் அடிச்சான்.

தபித்தா: ம்…

கெதியோன்: போலீஸ் வண்டி. 'ஓடுங்க'ன்னாரு. ஓடினோம். ஈர அங்கியோட சோளக்காட்டுக்குள்ள விழுந்து எழுந்து… அவ்வளவுதான். ஆமென்.

தபித்தா: நடுவுல ஒண்ணை விட்டுட்டே.

கெதியோன்: என்னத்தை?

தபித்தா: முங்கினதை.

கெதியோன்: …தண்ணி நாலாவது படிக்கு வந்துடுச்சு பாரு.

தபித்தா: தண்ணி வரட்டும். நான் ஒண்ணு கேட்கிறேன். உன் ஞாயித்துக்கிழமைக் கோட்டை மாசாமாசம் பிரஷ் போடுறது யாரு?

கெதியோன்: நீ.

தபித்தா: திருவிருந்து முடிஞ்ச மறுநாள் அந்தக் கோட்டோட வலது பாக்கெட்ல என்ன இருக்கும் தெரியுமா? ரொட்டித்துண்டு. சில நாள் முழுசா இருக்கும், சில நாள் தூளா. நான் ஒண்ணும் கேட்டதில்லை. கோழிக்குத்தான் போட்டேன். இந்த ஊர்லயே நம்ம வீட்டுக் கோழிங்கதான் ஒரு மாசம் தவறாம பந்தியில கலந்துக்கிச்சு.

கெதியோன்: சிரிக்காதேடி.

தபித்தா: நான் சிரிக்கலை. நீ டீக்கன். திருவிருந்து ரொட்டித் தட்டை எல்லாருக்கும் நீட்டுறவன். உன் பங்கை ஏன்யா திங்கலை?

கெதியோன்: முங்காதவன் அதைத் திங்கக் கூடாது. கேட்டுதா? நான் முங்கலை, தபித்தா. விசில் சத்தம் கேட்டதும் அவரு கையை விட்டுட்டாரு. என் தலை தண்ணிக்குள்ள போகவே இல்லை. அடுத்த ஞாயித்துக்கிழமை சபையில புதுசாச் சேர்றவங்களுக்குக் கை குடுத்தாரு. ஒன்பது பேரையும் வாசிச்சாரு. கடைசியா என் பேரு. நான் எழுந்து போய்க் கையை நீட்டிட்டேன்.

தபித்தா: ஏன்?

கெதியோன்: ஏன்னா கேட்கிறே? முன் பெஞ்சுல நீ உட்கார்ந்திருந்தே. உங்கப்பா உன்னை அந்த ஃபிலிமோனுக்குப் பேசிட்டு இருந்தாரு. சபையில சேராத பையனுக்குப் பொண்ணு தர மாட்டாருன்னு ஊருக்கே தெரியும். அடுத்த முழுக்குக்கு ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ… அதுக்குள்ள நீ போயிருப்பே.

தபித்தா: ஃபிலிமோனுக்கு இப்போ அமெரிக்காவுல நீச்சல் குளம் வச்ச வீடு இருக்காம்.

கெதியோன்: வருத்தமா இருக்கா?

தபித்தா: கொஞ்சம். இந்த அண்டா வேலை மிச்சமாயிருக்கும்… மேல சொல்லு.

கெதியோன்: கல்யாணம் முடிஞ்சதும் சொல்லிடலாம்னு இருந்தேன். அப்புறம் பையன் பிறந்தான். அப்புறம் ஆட்சி மாறுச்சு, இந்தக் கோயிலைக் கட்டினோம், தொட்டி வச்சோம். 'கெதியோன் பொறுப்பான ஆளு'ன்னு இதை என்கிட்ட விட்டாங்க. அப்புறம் டீக்கன் ஆக்கினாங்க. ஒவ்வொரு வருஷமும் போகப் போக வாய் திறக்கிறது கஷ்டமாச்சு.

தபித்தா: அப்போ தொட்டி நிரம்பினப்புறம் வீட்டுக்கு வராம இங்கேயே ஒரு மணி நேரம் என்ன பண்ணுவே?

கெதியோன்: அந்தப் படியில உட்கார்ந்திருப்பேன். ஷூவைக் கழட்டுவேன். சாக்ஸைக் கழட்டுவேன். தண்ணி அப்படியே கண்ணாடி மாதிரி இருக்கும். கால் வைக்க மாட்டேன். திரும்ப மாட்டிக்குவேன்.

தபித்தா: இறங்கி முங்கியிருக்கலாம்ல? யாரு பார்க்கப் போறா?

கெதியோன்: அதான். யாரும் பார்க்கலைன்னா அது குளியல். ஒருத்தர் பிடிச்சு முக்கணும். ஒருத்தர் தூக்கி விடணும். சபை கரையில நின்னு பாடணும். எத்தனை பேரு இந்தப் படியில ஏறி வந்திருக்காங்க, நான்தான் துண்டு குடுத்தேன். மூக்குல தண்ணி ஏறி இருமிக்கிட்டே சிரிப்பாங்க பாரு… அந்தச் சிரிப்பு எனக்கு எப்படி இருக்கும்னு நாற்பத்து மூணு வருஷமா நினைச்சுட்டே துண்டை நீட்டியிருக்கேன்.

தபித்தா: மூக்கைத் துடைச்சுக்கோ. இந்தா.

கெதியோன்: இது தரை துடைக்கிற துணி.

தபித்தா: துவைச்சதுதான். துடை.

கெதியோன்: வெளியே வாசிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

தபித்தா: அபஸ்வரமா இருக்கு. நாளைக்குள்ள சரி பண்ணிடுவாங்க. நீ என்ன பண்ணப் போறே?

கெதியோன்: அந்த ஆத்துக் கதையை என்னால சொல்ல முடியாது. மிருனா முன்னால முடியவே முடியாது. நான் பொய் சொல்லி முடிச்சதும் அவ அதை நம்பி இறங்குவா.

தபித்தா: அப்போ உடம்பு சரியில்லைன்னு படுத்துக்கோ. நான் சமாளிக்கிறேன்.

கெதியோன்: …வேண்டாம்.

தபித்தா: நல்லா யோசிச்சுக்கோ. டீக்கன் பொறுப்பு போயிடும். ஆறு மாசம் பின் பெஞ்சுல உட்கார வைப்பாங்க. சந்தையில முட்டை வாங்குறவ கூடக் கேட்பா. மகன் ரெண்டு நாள் கார் ஓட்டி வந்து இதைத்தான் பார்க்கணும்.

கெதியோன்: பார்க்கட்டும். நடந்ததை நடந்தபடியே சொல்லப் போறேன். விசிலோட நிறுத்திடுவேன். அதுக்கப்புறம் சபையைக் கேட்பேன். பத்துப் பேருக்கு அப்புறம் பதினோராவதா என்னையும் இறக்குவீங்களான்னு. இப்போ முடியாது, வருஷம் போகட்டும்னாங்கன்னா காத்திருக்கேன். கேட்டாச்சுங்கிற நிம்மதியாவது இருக்கும். மிருனா என்ன நினைப்பா?

தபித்தா: அறுபத்திரண்டு வயசுல கிழவனுக்கு முங்க ஆசை வந்திருக்குன்னு நினைப்பா. வேற என்ன நினைப்பா? அழுவா. அவ எதுக்குத்தான் அழ மாட்டா?

கெதியோன்: நீ? நீ என்ன நினைக்கிறே? ஏமாத்தித்தானே உன்னைக் கட்டினேன்.

தபித்தா: குழாயை மூடு. அஞ்சாவது படி தாண்டிடுச்சு.

கெதியோன்: பதில் சொல்லு.

தபித்தா: முதல்ல மூடு.

கெதியோன்: …மூடிட்டேன். நான் இப்பவே போய்ப் பாஸ்டர்கிட்ட சொல்லிடுறேன், திடீர்னு நாளைக்கு அந்த மனுஷன் திகைச்சு நிக்கக் கூடாது. நீ பயப்படாதே. உன் பேரை இழுக்க மாட்டேன். 'என் வீட்டுக்காரிக்கு இதுல எதுவும் தெரியாது, பாவம், அவளையும் சேர்த்துத்தான் ஏமாத்தினேன்'னு சொல்லிடுறேன்.

தபித்தா: அப்படிச் சொல்லாதே.

கெதியோன்: ஏன்? உண்மைதானே? நீ போர்வையைப் போர்த்திக்கிட்டு எல்லாருக்கும் முன்னால ஓடிட்டே…

தபித்தா: நான் ஓடலைய்யா. சோளக்காட்டு வரப்புல நின்னு, நீ வர்றியான்னு பார்த்துட்டு இருந்தேன். உன் தலை முடி காஞ்சு கிடந்துச்சு. அந்த வெள்ளிக்கிழமை பாஸ்டர் ஒனிசிம் எங்க வீட்டுக் கொல்லைப் பக்கமா வந்தாரு. 'பாலத்தையே பார்த்துட்டு இருந்ததுல, கெதியோனை முக்கினேனா இல்லையான்னு எனக்கே நிச்சயமாத் தெரியலை. நீ கரையில நின்னியே பாப்பா, நீ சொல்லு. இல்லைன்னா அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்'னாரு. உள்ளே எங்கப்பா ஃபிலிமோன் வீட்டுக்காரங்களுக்குக் கேக் எடுத்து வச்சுட்டு இருந்தாரு… 'நல்லா முங்கினான் பாஸ்டர், என் ரெண்டு கண்ணால பார்த்தேன்'னு சொன்னது நான்தான்.