பதினேழாம் தேதிப் பெயர்

தலைமையேற்று வீற்றிருக்கும் தலைமையாசிரியை சுமலதா அம்மையார் அவர்களே! பனியென்றும் பாராமல் குன்னூர் மேடேறி வந்திருக்கும் பெரியோர்களே! தேயிலைக் காட்டில் கூடையை இறக்கிய கையோடு வந்திருக்கும் தாய்மார்களே! கணினி கற்கும் கண்மணிகளே! காந்தல் பிராங்ளினின் கனத்த வணக்கம்.

பிடிபடாமல் கணினிக்குள் புகுவது எப்படி என்று கேட்கத்தானே பாதிப்பேர் வந்திருக்கிறீர்கள்? சிரிக்காதீர்கள் தம்பிகளே! புகுந்தவன் நான். பிடிபட்டவனும் நான். இரண்டாண்டு சிறையிருந்தவனும் நானே!

ஒரு மருத்துவமனையில் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. என் மனைவி ரேச்சலுக்கு இதய வால்வில் பழுது. நாலு படி ஏறினால் மூச்சிரைக்கும். அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியலிலோ அவள் இருபத்தாறாம் பெயர். பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஒருநாள் மதியம், எல்லாரும் சாப்பிடப் போன நேரம், மருத்துவர் ஒருவரின் கடவுச்சொல்லால் உள்ளே நுழைந்தேன். நான்காம் பெயரைக் கீழே தள்ளினேன். அந்த இடத்தில் ரேச்சலை வைத்தேன். நுழைந்த தடத்தை அழித்தேன். திருத்திய நேரத்தை அழித்தேன். அழித்த தடத்தையும் அழித்தேன்! கர்வத்தோடு எழுந்து போய்த் தேநீர் குடித்தேன்.

ரேச்சல் பிழைத்தாள்.

மூன்று வாரம் கழித்து, ஜெகதளாவிலிருந்து மருதமுத்து என்பவர் வந்தார். வரவேற்பு மேசையருகே நானும் நின்றிருந்தேன். செல்போனை நீட்டினார்.

"ஏனுங்க, எங்கூட்டுக்காரிக்குப் பதினேழாந் தேதி ஆபரேசன்னு மெசேஜ் அனுப்பிச்சீங்க. வந்தா, அன்னிக்கு லிஸ்ட்டுல பேரே இல்லீன்னு திருப்பி அனுப்பிட்டீங்க. நேத்து அவ போயிட்டாளுங்க. தப்பு எங்கீங்க நடந்துச்சு?"

அவர் மனைவி தனபாக்கியம். நான் தள்ளிய நான்காம் பெயர்.

அத்தனையும் அழித்தவனுக்கு, முன்பே போய்விட்ட அந்தக் குறுஞ்செய்தி தெரியாமல் போயிற்றே! விசாரணை வந்தது. பதினேழாம் தேதி யாருக்குச் சிகிச்சை நடந்தது? அவள் கணவன் யார்? கேள்வி இரண்டு, இரண்டும் வந்து நின்றது என்னிடம். தடத்தை அழிக்கலாம் பிள்ளைகளே, பலனை எங்கே ஒளிப்பது? என் பலன் என் வீட்டில் உயிரோடு நடமாடியதே!

யாரங்கே? "பொண்டாட்டிக்காகத்தானுங்களே செஞ்சீங்க" என்கிறீர்களா? ஐயா, மருதமுத்து யாருக்காக மருத்துவமனைக்கு வந்தார்?

விடுதலையாகி வீட்டுக்கு வந்தேன். ரேச்சல் சோறு போட்டாள். பிறகு கேட்டாள்: "மூச்சு உடறப்பெல்லாம் அந்தம்மா நெனப்பு வருதுங்க. நான் என்னங்க பண்ணட்டும்?"

அந்தக் கேள்வியோடுதான் இந்த மேடைக்கு வந்தேன். திரையில் வரிசையாய் நிற்பவை வெறும் எழுத்துகளா? மூச்சுகள் அம்மா, மூச்சுகள்! ஒன்றைத் தொடுமுன் அது யாருடையது என்று கேளுங்கள்!

பேச அழைத்த தலைவர் அவர்களுக்கும், பதிலற்றவன் பேச்சைப் பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் நன்றி. பனி இறங்குகிறது, பார்த்துப் போங்கள். வணக்கம்.